எங்களைக் கண்டதும் மூடிய கடைத்தெரு

போன சனிக்கிழமை ஒரு கடைத்தெருவையே மூட வைத்துவிட்டேன். சத்தியமாக, வேண்டுமென்று செய்யவில்லை.

என் கால்கள் ஓரிடத்தில் நிற்காதவை. உங்களுக்குத்தான் தெரியுமே! பிரிக்பீல்ட்ஸில் பசியாறிய கையோடு மனைவி வாசுகியையும் கேமராவையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கிள்ளான் போனது, பந்திங் போனது. இருபுறமும் செம்பனைத் தோட்டம்... மறுபடி செம்பனை... பிறகு திடீரென்று ஒரு சின்ன ஊர். ஒரே வரிசையில் பழைய கடைகள். சுவரின் நீலமெல்லாம் வானத்துக்கே திரும்பிப் போய்விட்டது போல ஒரு வெளிறல்.

மங்கிக்கொண்டிருக்கும் ஊர்களைப் படமெடுக்க வேண்டுமென்று எனக்கு நெடுநாள் ஆசை. இதை விடுவேனா?

தெரு நடுவே டிரைபாடை நிறுத்தினேன். கட்டடத்தின் உயரம் தெரிய வேண்டுமே — வாசுகியை எதிரே போய் நிற்கச் சொன்னேன். வெயிலுக்குக் கொண்டுவந்த நீளக் குடையைச் செங்குத்தாக ஊன்றியபடி நின்றாள். நான் ஒற்றைக் கண்ணை மூடி, "லெஃப்ட்ல... இன்னும் கொஞ்சம்... ஸ்டாப்!" என்று கையசைத்தேன்.

சர்ர்ர்... ஒரு ஷட்டர் இறங்கியது. அடுத்து மளிகைக்கடை. அப்புறம் முடிவெட்டும் கடை. கடைசியாக, ஓரத்தில் தேநீர் விற்கும் ஒட்டுக்கடையும் பலகையை இழுத்துச் சாத்திக்கொண்டது. தெருவில் மிஞ்சியது ஒரு பூனை.

எனக்கோ பரவசம்! என்ன ஏகாந்தம், என்ன மௌனம்! படமாக எடுத்துத் தள்ளினேன்.

வாசுகிக்குத்தான் உறைத்தது. "ஏங்க, இவங்க நம்மளப் பார்த்துத்தான் மூடுறாங்க."

ஒட்டுக்கடைப் பலகையைத் தட்டினேன். "அக்கா, தே தாரிக் கிடைக்குமா?"

"கடை இல்ல! உள்ள ஆளும் இல்ல!"

"அப்போ பேசுறது யாரு?" என்றாள் வாசுகி.

உள்ளே ஒரு டம்ளர் உருண்டது. பிறகு, "நோட்டீஸ் வாங்க ஆள் இல்ல. அதான் மூணு கால் ஸ்டாண்ட வெச்சு அளந்துட்டீங்கல்ல, போங்க!"

விஷயம் அப்போதுதான் புரிந்தது. எங்களை நிலம் அளக்க வந்த சர்வேயர்கள் என்று நினைத்துவிட்டார்கள்! குடை, அளவுகோல் ஆகிவிட்டது.

கேமராவை இடுக்கில் காட்டினேன். உள்ளே ஒரு கண் நம்பவில்லை.

"அக்கா, இவருக்கு வீட்டு ஜன்னலுக்குத் துணி அளக்கவே தெரியாது," என்றாள் வாசுகி.

பலகை திறந்தது. ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. கையெல்லாம் மாவு. பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். "அலாமா... உயிரே போயிடுச்சு லா, அண்ணே!" பிறகு மளிகைக்கடையைப் பார்த்து ஒரு கத்தல். "பாய்! தெறங்க! இது சும்மா போட்டோ பைத்தியம்!"

ஷட்டர்கள் ஏறின. முடிவெட்டும் கடையிலிருந்து பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் வெளியே வந்து எங்களை முறைத்தார். எங்கிருந்தோ ரேடியோ மறுபடி பாடியது.

நிலத்தைப் புதிதாக வாங்கிய முதலாளி — அவர்கள் வாயில் 'தவுக்கே' — அளக்க ஆளனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாராம். அளந்தால், காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். நோட்டீஸ் வந்தால் இந்த வரிசையே இருக்காது. "என் புள்ளைங்கள ஆளாக்குனது இந்த அடுப்புதான். இத விட்டு எங்கண்ணே போவேன்?"

தேநீரை ஆற்றி வைத்துவிட்டு என் படங்களை எட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"என்னண்ணே, செத்த ஊரு மாதிரி இருக்கு? தவுக்கே பார்த்தா, 'ஆளே இல்லாத எடந்தானே, இடிச்சா என்ன'ன்னு கேப்பாரு லா."

சுருக்கென்றது. மங்கிய ஊர்கள் என்று நாம் உச்சுக்கொட்டும் படங்களில், எடுக்க வந்தவனைக் கண்டு ஒளிந்துகொண்ட ஊர்கள் எத்தனையோ?

அவர் பார்க்கப் பார்க்க எல்லாப் படங்களையும் அழித்தேன். "புதுசா ஒண்ணு எடுக்கட்டுமா அக்கா? எல்லாரையும் கூப்பிடுங்க."

வந்தார்கள். பாய் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். நுரைக்காரர் மறு கன்னத்தையும் முடித்துக்கொண்டு வந்தார். வரிசை கேமராவுக்குள் அடங்கவில்லை.

சிரியுங்கள் என்று யாரிடமும் நான் சொல்லவில்லை; தாங்களாகவே சிரித்தார்கள். நாங்கள் அளக்க வந்தவர்கள் இல்லை — அன்றைக்கு அது போதுமாயிருந்தது.