நாலு விரல் குறைந்த வயர்

எங்கள் சித்தி கம்ப்யூட்டர் எம்பிராய்டரி செய்பவர். சட்டைப் பையில் பள்ளிச் சின்னம், தொப்பியில் கம்பெனிப் பெயர் என்று எதைக் கேட்டாலும் கம்ப்யூட்டரில் வரைந்து, மிஷினில் நூலாக இறக்கிவிடுவார். அந்தக் கம்ப்யூட்டருக்கு என் தங்கையைவிட வயது அதிகம். தூக்கிப் போடவும் முடியாது. வரைகிற சாஃப்ட்வேர் வேறெதிலும் ஓடாது. வீட்டில் இன்டர்நெட் இல்லாததால், வரைந்ததைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடுவார். அங்கே போனால் ஒரு திருத்தம் வந்திருக்கும். திரும்ப வீட்டுக்கு ஓட்டம். போன மாதம் மூன்றாவது ஓட்டத்தில் இருந்தபோதே ஆர்டர் வேறொருவருக்குப் போய்விட்டது. அந்த ஆத்திரத்தில் வீட்டுக்கு இன்டர்நெட் வாங்கிக் கூடத்தில் மோடம் மாட்டினார்; பழைய கம்ப்யூட்டரோடு அதைச் சேர்க்கத்தான் வழி தெரியவில்லை.

இந்த முறை ஆஸ்பத்திரி யூனிஃபார்ம், நானூறு சட்டை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் சின்னத்துக்குச் சம்மதம் வாங்கியாக வேண்டும்.

வியாழக்கிழமை, கம்ப்யூட்டரின் முதுகைப் போனில் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனார்.

“இந்த வைஃபை குச்சி போதும்ல தம்பி?”

“குச்சி சொருகிக்கும்க்கா. ஆனா உங்க சிஸ்டத்துக்கு அது யாருன்னே தெரியாது. இவ்வளவு பழசுக்கு டிரைவர் வர்றதில்ல.”

“உள்ள மாட்டுற கார்டு?”

“திறந்தா திரும்ப மூடும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.” கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கினார். “அட, லேன் போர்ட் இருக்கே! மோடத்துலேர்ந்து நேரா வயர் இழுத்துடுங்க. அளந்துட்டு வாங்க, வெட்டித் தர்றேன்.”

சித்தி வீட்டுக்கு வந்து, கூடத்து மோடத்திலிருந்து தன் அறை வரை டேப்பை விறைப்பாகப் பிடித்து அளந்தார். ஆறு மீட்டர் நாற்பது. கடைக்குத் திரும்பி அளவைச் சொன்னார்.

“கொஞ்சம் கூட வச்சுக்கலாமேக்கா?”

“வேணாம். தொங்குற எதைப் பாத்தாலும் எனக்குக் கத்தரிக்கோல எடுக்கத் தோணும்.”

மறுநாள் காலை வயர் கதவு நிலையை வளைந்து வந்து, கம்ப்யூட்டருக்கு நாலு விரல் தள்ளியே நின்றுவிட்டது.

சித்தப்பாவுக்குக் கொண்டாட்டம். “ஊர்த் துணிக்கெல்லாம் தையலுக்கு இடம் விடுறவ, வயருக்கு விடலையா?”

மணி பத்தரை. மேசையை நகர்த்தலாம் என்றால், மறுபக்கம் எம்பிராய்டரி மிஷின் அதைக் கட்டிப்போட்டிருந்தது.

“சிரிச்சது போதும். மோடத்தக் கொக்கியிலேர்ந்து எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் ரெண்டடி வாங்க. அப்படியே பிடிச்சிட்டு நில்லுங்க.”

நின்றார். பச்சை விளக்கு கண் சிமிட்டியது. சித்தி சின்னத்தை அனுப்பினார். இலையின் காம்பு மெலிவாக இருக்கிறது என்று பதில் வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே தடிமனாக்கி அனுப்பினார். பிறகு எழுத்து சாய்கிறதாம். நிமிர்த்தினார்.

“மூக்கு அரிக்குதுடி.”

“மூக்கத் தோள்ல வச்சுத் தேய்ங்க.”

பதினொன்று ஐம்பதுக்குச் சித்தி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “சரின்னுட்டாங்க! நானூறும் நமக்குத்தான்!”

சித்தப்பா பெருமூச்சோடு கையை இறக்கப் போனார்.

“அய்யோ, அசையாதீங்க! நன்றின்னு ஒரு வரி போட்டுடறேன்.”