அவர்கள் ஒத்துக்கொண்ட விலை

சண்டைக் காலம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜுக்கு நான் கொம்பியூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். தங்க வருபவர்களின் விபரத்தை அடித்தால், பொலிசுக்குக் கொடுக்க வேண்டிய பதிவை அதுவே அச்சடித்துத் தரும்.

ஒருநாள் லொட்ஜ் முதலாளி கூப்பிட்டார்.

"தம்பி, ஸ்டேஷனில இருந்து ஒரு ஐயா வந்து பார்த்தவர். நல்லாப் பிடிச்சிட்டுது. எல்லா லொட்ஜ் ஆக்களையும் ஒண்டாப் போட்டு, பிறந்த ஊர்ப்படி பிரிச்சுக் காட்டேலுமோ எண்டு கேக்கிறார். என்ன விலை?"

நானும் யாழ்ப்பாணத்தான். எங்கள் ஊர்ப் பெடியன்களைச் சந்தேகத்தில் பிடிக்கப் பொலிஸ் இனி அறை அறையாகத் தேட வேண்டியதில்லை. ஆனால் பொலிசுக்கு 'மாட்டேன்' என்று சொல்லத் தைரியம் வரவில்லை. வேண்டாத வேலை வந்தால் புரோகிராம் எழுதுகிற நாங்கள் வழமையாகச் செய்வதையே செய்தேன். ஆள் ஓடிப்போகிற மாதிரிப் பத்து மடங்கு விலை சொன்னேன்.

அடுத்த நாள் காலை முதலாளி என் வாசலில் நின்றார். முகத்தில் சிரிப்பில்லை.

"ஓமாம், தம்பி."

"என்ன ஓமாம்?"

"நீர் சொன்ன விலைக்கு ஓமாம். எப்ப தருவீர் எண்டு கேக்கினம்."

விலை சொன்னவன் இனி மாட்டேன் என்றால், ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை எங்கே வைத்துக் கேட்பார்கள் என்பதும் தெரியும்.

எழுதிக் கொடுத்தேன். சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டியிருந்தது. என் பெயரையும் ஊரையும் அடித்தேன். உடனே திரையில் வந்து நின்றது.

அதன் பிறகு எத்தனையோ எழுதிவிட்டேன். முதல் தடவையிலேயே ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது அது ஒன்றுதான்.