அம்மா குரலில் பேசிய மைனா

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் போனுக்குச் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். முன்திண்ணையான இஸ்தோப்பின் இடது மூலையில், தகரக் கூரைக்குக் கீழே. அங்கே ஓர் ஆணி அடித்து, போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தொங்கவிட்டிருந்தோம். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனதிலிருந்து அந்த மூலைதான் எங்களுக்குச் சாமி அறை. போனை இறக்கிக் காதில் வைத்தால் லைன் அறுந்துவிடும். ஆகவே பேச்செல்லாம் ஸ்பீக்கரில்தான். நானும் தம்பியும் அண்ணாந்து பார்த்தபடி பையோடு பேசுவோம்.

பக்கத்து ஆணியில் மைனாக் கூண்டு தொங்கியது. ஊர்மைனா இல்லை. உடம்பெல்லாம் பளபளவென்று கறுத்து, கழுத்தில் மஞ்சள் தோல் தொங்கும் மலைமைனா. மழையில் சாய்ந்த மரத்தின் பொந்திலிருந்து அப்பா குஞ்சாக எடுத்து வந்தது. பார்த்தவர்களெல்லாம் தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்டார்கள். காட்டுப் பறவையை வீட்டில் வைப்பது குற்றம் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்து நான் சொன்னபோது அப்பா சிரித்தார். "வனஜீவிக்காரங்க இவ்வளவு தூரம் மலையேறி வந்தா, பாவம், பிளேன்டி ஊத்திக் குடுப்போம்" என்றார்.

அது முதலில் பஸ் ஹோர்ன் அடித்தது. பிறகு பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரர் நாயைக் கூப்பிடுவது போல விசிலடித்தது. ஒருநாள் திடீரென்று, "சாமி, சாப்பிட்டியா?" என்றது. அச்சு அசல் அம்மாவின் குரல். கேட்டுவிட்டு, பதிலுக்கு அம்மா காத்திருக்கும் அளவுக்கு அதுவும் காத்திருந்தது. நானும் தம்பியும் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னோம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கிடைத்த அம்மா அதன் பிறகு தினமும் கிடைத்தாள்.

ஒரு மழைநாள் பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். பனிமூட்டம் இஸ்தோப்புக்குள்ளேயே நுழைந்திருந்தது. கம்பளை டவுனில் ஒரு கடைக்கு இரவுக் காவல் பார்க்கும் அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். எங்களோடு இருந்த அத்தை இன்னும் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து இறங்கவில்லை. கூண்டுக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல், மிகவும் தாழ்ந்து, "முடியலங்க" என்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. "என்னையக் கூப்பிட்டுக்கங்க." அதன்பின் ஒரு விசும்பல்.

குரல்தான் அழுதது, மைனா அழவில்லை. தலையைச் சாய்த்து, வாழைப்பழம் கேட்கும்போது பார்ப்பது போலவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அத்தையும் கேட்டாள். "உசுரோட இருக்கிறவ குரல் இப்பிடி வராதே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், அம்மா செத்துப்போய்விட்டாள் என்றே நான் முடிவு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வரை சோறு இறங்கவில்லை. அன்று போன் அடித்ததும் ஓடிப்போய் அதன் கீழே நின்றேன். அம்மா சிரித்துக்கொண்டே பேசினாள், கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்டாள். எனக்கு உயிர் வந்தது.

"அப்ப இது காத்துக் கருப்புச் சேட்டைதான்" என்றாள் அத்தை. உப்பு, காய்ந்த மிளகாய், முச்சந்தி மண் எல்லாம் எடுத்துக் கூண்டைச் சுற்றி நெருப்பில் போட்டாள். உலகத்திலேயே மைனாவுக்குச் சுற்றிப்போட்டது எங்கள் வீட்டில்தான் இருக்கும். மிளகாய் நெடியில் லயமே இருமியது. அடுத்த நாள் மைனா அத்தையைப் போலவே இருமியது. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். இருமி முடித்ததும் அது மறுபடி, "முடியலங்க" என்று தொடங்கியது.

அப்போதுதான் அப்பா எழுந்து வெளியே வந்தார். பேய் பிசாசு என்று அத்தை வாயெடுத்தால், "பேய்க்கும் தோட்டத்துல பேர் போட்டுச் சம்பளம் குடுக்கிறாங்களா?" என்று கிண்டல் செய்கிற மனிதர். அன்று முகம் வெளுத்திருந்தது. நேரே வந்து கூண்டைக் கழற்றினார்.

"வனஜீவிக்காரங்க கண்டா கேஸாயிரும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

நான் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் கூண்டைத் திறந்தார். மைனா போகவில்லை. கூண்டின் மேல் ஏறி உட்கார்ந்து, "சாமி, சாப்பிட்டியா?" என்றது. அப்பா தோளிலிருந்த துவாயை வீசி விரட்டினார். அது பனிமூட்டத்துக்குள் மறைந்தது. மறைந்த பிறகு உள்ளேயிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது: "முடியலங்க." அப்பா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர் மேல் கோபம். ஒரு பறவைக்குப் போய் இப்படிப் பயப்படுகிறாரே என்று கேவலமாகக்கூட இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். "மைனா உங்க குரல்ல அழுதுச்சும்மா. அப்பா வெரட்டி விட்டுட்டாரு." லைன் அறுந்துவிட்டதோ என்று பையைப் பார்த்தேன்.

"அது பறவைதானே சாமி, எதையாவது கத்தும்" என்றாள் அம்மா.

அவள் வாயாலேயே சொன்ன பிறகு எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நாங்கள் பள்ளிக்கூடத்திலும் அத்தை மலையிலும் இருக்கும் பகல் நேரத்தில் அந்தப் போன் அடிக்கும் என்றோ, தூக்கத்திலிருந்து எழுந்து வந்து அப்பா அதன் கீழே நிற்பார் என்றோ எனக்கு அப்போது தெரியாது. அம்மா அவரிடம் அழுது கேட்டதையெல்லாம் கற்றுக்கொண்ட மைனா, அப்பா சொன்ன பதிலை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவர் பதிலே சொல்லியிருக்கமாட்டார் என்பது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆனது.