அத்தைக்கு மாப்பிள்ளை வேண்டாமென்ற ஜெபம்

எனக்கு ஏழு வயதிருக்கும்போது எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் மாறாத வரி ஒன்று இருந்தது. வயலுக்குத் தண்ணீர், பசுவுக்குச் சுகப்பிரசவம், மகாராஜாவுக்கு நீண்ட ஆயுள் எல்லாம் கேட்டு முடித்தபின் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொள்வார்.

"கர்த்தாவே, என் தங்கச்சிக்கு ஏற்ற துணையைத் தாரும்."

அத்தை குனிந்த தலையோடு ஆமென் சொல்லுவாள்.

சிறுவயதில் வந்த அம்மை அத்தையின் முகம் முழுக்கத் தழும்பு போட்டுவிட்டுப் போயிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்துக்கு வைத்த முந்திரிக்கொத்தைத் தின்றார்கள். சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனார்கள். மண்டைக்காட்டுப் பக்கமிருந்து வந்த கூட்டம் வழிக்கும் கொஞ்சம் கட்டி வாங்கிக்கொண்டது. சொல்லி அனுப்பியவர் யாருமில்லை.

எனக்கு அதில் துளி வருத்தமும் கிடையாது. மிச்ச முந்திரிக்கொத்து எனக்கு, அத்தையும் எனக்கு. என்னைக் குளிப்பாட்டியதும், தலை பின்னியதும், காய்ச்சல் கண்டால் விழித்திருந்ததும் அவள்தான். அம்மாவுக்கு வயல்வேலையும் கைக்குழந்தையுமே சரியாக இருந்தது.

ஒருநாள் அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "இண்ணைக்கு நீ ஜெபம் பண்ணு மக்கா" என்று என்னைக் காட்டினார். நான் அவர் குரலையே வரவழைத்துக்கொண்டு வயல், பசு, மகாராஜா எல்லாரையும் வரிசையாகக் கர்த்தரிடம் ஒப்படைத்தேன். பிறகு நானும் கனைத்துக்கொண்டேன்.

"கர்த்தாவே, அத்தைக்கு மாப்பிள்ளையைத் தராதிரும். தந்தாலும், அவனுக்கு எங்கள் வீட்டுக்கு வழி தெரியாமற்போகக்கடவது."

அம்மா பட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"ஆமென்" என்றாள் அத்தை, தெளிவாக.

அம்மா என் தொடையில் நுள்ளினாள். "ஏட்டி, நாக்கப் பாரு! நாங்க இத்தன வருசமா முழங்காலு தேயக் கேக்கதக் கெடுக்கவா பாக்குத?"

"விடுங்க மைனி." அத்தை என்னை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "நம்ம ஜெபத்துக்குப் பதிலு வரத்தான் நேரமாவுது. இவ மனசுல வச்சிருந்த ஜெபத்தையாவது கர்த்தரு தெனமும் கேட்டுட்டிருக்காருல்லா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டிய தொண்டையோடு அந்தப் பழைய வரியை அவரே சொல்லி முடித்தார்.

அடுத்த அறுப்பு முடிந்த கையோடு பேச்சிப்பாறைக் கால்வாய் வேலையில் இருந்த ஒருவர் வந்தார். மனைவியை இழந்தவர். அவர் அப்பாவிடம் பேசவில்லை, அத்தையைப் பார்த்தே பேசினார்.

"எனக்கொரு பெண்பிள்ள உண்டு. அதையும் சேத்துத்தான் கேக்கேன். உங்களுக்குச் சம்மதந்தானா?"

வந்தவர்களிலே அத்தையிடம் சம்மதம் கேட்டவர் அவர் ஒருவர்தான். அத்தை பதில் சொல்வதற்குள் அம்மா அழுதுவிட்டாள்.

வேதக்கோயிலில் கல்யாணம் முடிந்து, வண்டி வாசலில் நின்றது. புறப்படுமுன் ஜெபிக்க எழுந்த அப்பா, "கர்த்தாவே" என்றதோடு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தையே ஜெபித்தாள்.

"ஆண்டவரே, இவருக்காக ஸ்தோத்திரம். இவருடைய பிள்ளைக்காக ஸ்தோத்திரம். இந்த வீட்டில் என்னைக் காத்திருக்க வைத்த வருஷங்களுக்காகவும் உமக்கு ஸ்தோத்திரம்."

நான் அவள் சேலையில் முகம் புதைத்து, கடவுள் கைவிட்ட கோபத்தில் அழுதுகொண்டிருந்தேன். மாப்பிள்ளை கிடைத்ததற்கு அத்தை நன்றி சொன்னதுகூடப் பரவாயில்லை என்று பட்டது. கிடைக்காமலிருந்த வருஷங்களுக்கு யாராவது நன்றி சொல்வார்களா? அத்தைக்கு ஜெபிக்கத் தெரியவில்லை என்றே முடிவுகட்டினேன். அதைச் சொல்லும்போது அவள் கை ஏன் என் தலைமேல் அப்படி அழுந்தியது என்று யோசிக்கும் வயது எனக்கு அப்போது இல்லை.