ஒலிப் பாடத்துக்கு விலக்கு

காது கேளாத மாணவர்களுக்கு அறிவியலில் ஒலிப் பாடத்திலிருந்து விலக்கு உண்டு. அது அவர்கள் சான்றிதழிலும் குறிக்கப்படும். விதி இவ்வளவுதான். இரக்கப்பட்டு எழுதிய விதி. அப்படிப்பட்ட விதிகளிடம்தான் எனக்குப் பயம் ஜாஸ்தி. அதை நினைத்தால், என் மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒலிநாடாவை என் கை தானாகத் தேடுகிறது.

எண்பதுகளின் நடுவில் ஆம்பூர்ப் பக்கம் காது கேளாதோர் பள்ளி ஒன்றில் எழுத்தராக இருந்தேன். நன்கொடையாக ஒரு கணினி வந்தது. கறுப்பு வெள்ளை டி.வி.யில் அதைப் பூட்டியிருந்தோம். அறிவியல் டீச்சர் பாடங்களைத் தாமே கணினி நிரல்களாக எழுதி, அக்காலக் கணினி படிக்கும் ஒலிநாடாவில் பதித்திருந்தார். டேப் ரிக்கார்டர் ஐந்து நிமிடம் கிறீச்சிட்டால் திரையில் பாடம் வரும்; பாதி நாள் வராது. ஜன்னலுக்குப் போர்வை போட்டும் பக்கத்துத் தோல் ஆலையில் தோல் ஊறும் வாடை உள்ளே வந்துவிடும். அரையிருட்டில் வெள்ளைக் கோடு ஒன்று அலையாக எழும். உயர்ந்தால் ஒலி பெரிது என்று டீச்சர் சைகையில் சொல்வார். பாலாற்றில் தண்ணீர் வந்ததைப் பார்ப்பதுபோல் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் டேப் ரிக்கார்டர்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்களை மூடியிருப்பாள். நாடாவிலிருந்து பாடம் கணினியில் ஏறவில்லை என்றால் கணினிக்குத் தெரியுமுன்னே தலையாட்டிவிடுவாள். காது நன்றாகக் கேட்கும் எனக்கு எல்லாக் கிறீச்சும் ஒன்றுதான்.

ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் சேர்த்து விலக்கு கேட்டு விண்ணப்பம் போய்விடும். அவளுக்கு விலக்கு வேண்டாம். அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டும் ஆலையிலேயே, பரிசோதனைக் கூடத்தில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. விலக்கு என்று குறித்த சான்றிதழ் அங்கே செல்லாது.

"விலக்கு கேக்கத்தான் ஃபாரம் இருக்கு டீச்சர். வேணாம்னு சொல்ல ஃபாரம் இல்ல" என்றேன்.

"இன்னா பேஜாரு சார் இது! அவ கைக்குத் தெரியறது உங்க காதுக்குத் தெரியல. விலக்கு நீங்க வாங்கிக்குங்க."

அவளுக்கு விலக்கு வேண்டாம் என்று மேலிடத்துக்கு எழுதினேன். மூன்று நினைவூட்டல்களுக்கும் பதில் இல்லை. தேர்வு நெருங்கியதும் அவளே என் மேசைக்கு வந்து ஒரு தாளில் எழுதி நீட்டினாள்: 'நான் எழுதலாமா?' விலக்கு ஆணை கைக்கு வராதவரை விலக்கு நடைமுறைக்கு வராது; அதுவும் விதிதான். தேர்வுப் பட்டியலில் மற்றவர்களோடு அவள் பெயரையும், விலக்கு என்று குறிக்காமல், எழுதினேன். நான்காவது நினைவூட்டலை அனுப்பவில்லை. என் சர்வீஸில் நான் உருப்படியாகச் செய்தது, அனுப்பாத அந்தக் கடிதம்தான்.

ஒலிப் பாடக் கேள்வி எதையும் அவள் விடவில்லை. தேறிய பிறகு, தேய்ந்துபோன அந்த நாடாவை டீச்சர் என்னிடம் தந்தார், "காதுக்குப் பயிற்சி சார்" என்று. இன்று அதை ஓட்ட வீட்டில் கருவி இல்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறேன், சும்மா கிடக்கிறது.

மேலிடத்துப் பதிலும் வந்தது, விலக்கு அளிக்கப்படுகிறது என்று. வந்த தேதியை மறக்கவில்லை: அவள் பரிசோதனைக் கூடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த மறுநாள்.