பெயர் கேட்காத ஆலோசகர்

கல்முனையில் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாம் அறையில் அந்த மனநல ஆலோசகரை நான்கு தடவை சந்தித்தேன். மெலிந்த பெண். மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த கம்பியை நூலால் கட்டியிருந்தார். என் மகளை இருத்தியதும், அவள் நினைவை இந்த நேரத்துக்கும் இடத்துக்கும் கொண்டுவர, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்: "இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. நாம கல்முனையில இருக்கம். கதவு திறந்திருக்கு."

மகளுக்கு இடையிடையே குரல் மாறிவிடும். என்னையே யாரென்று கேட்பாள். ஜின் பிடித்திருக்கிறது என்று ஓதிப் பார்க்க வந்தவர், "நீ ஆரு, பேரைச் சொல்லு" என்று அதட்டினார். அவள் ஒரு பெயர் சொன்னாள். அதன் பிறகு நானும் கேட்கத் தொடங்கினேன். ஒரே மாதத்தில் மூன்று பெயர்கள் ஆகிவிட்டன.

இதைச் சொன்னதும் ஆலோசகர் தன் தலையில் கைவைத்தார். "ஐயா, இனிப் பேர் கேக்காதீங்க. கேக்கக் கேக்கப் பேரும் கூடும்."

"முந்திக் காட்டின கொழும்பு டொக்டர் ஒவ்வொரு குரலோடயும் பேர் சொல்லிக் கதைக்கச் சொன்னாரே, மிஸ்?"

"ஓம், அப்படியும் வைத்தியம் செய்யிறாங்க. எங்களுக்குள்ளேயே இதில ஒத்துமை இல்ல."

"அப்ப, குரல் மாறுற நேரம் நான் ஆரெண்டு நினைச்சுக் கூப்பிடுற?"

"மகள் எண்டு கூப்பிடுங்க. ஆர் வந்தாலும் உங்கட மகள்தானே."

இன்று காலை மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஒரு மிடறு குடித்தேன், சீனி போட்டிருந்தது. பதினொரு வருடமாக எனக்குச் சீனி வியாதி என்பது அவளுக்குத் தெரியும். கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். "நீ ஆரு?" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அந்த ஆலோசகர் சொன்னது சரியா பிழையா, எனக்கு இன்னும் தெரியாது.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை, மகள்," என்றேன். "கதவு திறந்திருக்கு."