மலையில் மலர் அக்கா வாய் திறந்த நாள்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நாலு பேர் முன் கதைக்கவே கூச்சம். ரோசாலியா அம்மாவின் அடியார்களுக்கு எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கிடைத்த உதவியை மறைத்து வைக்க மனம் கேட்கவில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, மாசி மாதம். நாங்கள் பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு நகரில், லிபெர்த்தாத் தெருவில் என் தம்பி கேதீஸ் பராமரித்து வந்த முதியவர் மாடிப்படியின் கீழே இறந்து கிடந்தார். தள்ளிக் கொன்றதாகப் பொலிஸார் தம்பியைப் பிடித்தார்கள். அவன் ஓடியதைப் பல்கனியிலிருந்து கண்டேன் என்றார் எதிர்வீட்டுச் சினியோரா; வீட்டு எசமானியம்மாவை இங்கே அப்படித்தான் சொல்வோம். அவனே ஒப்புக்கொண்டதாகவும் எழுதினார்கள்.

சிறையில் கண்ணாடிக்கு இப்பால் நின்று கேட்டேன்.

“என்னடா சொன்னனி?”

“கேட்டதுக்கெல்லாம் ‘ஸி, ஸி’ எண்டனான், அக்கா.”

“விளங்கினதோ?”

“இல்லை. பெரியாக்கள் கேக்கேக்கை இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?”

இந்த நாட்டுப் பாஷையில் ‘ஸி’ என்றால் ஓம். வீட்டு வேலைக்குப் போகும் நாங்கள் எல்லோரும் அப்படித்தான். விளங்கினாலும் ஸி, விளங்காவிட்டாலும் ஸி. “உவனிட்டைக் கிழவியைக் கட்டுறியோ எண்டு கேட்டாலும் ஸி எண்டுதான் சொல்லுவான்” என்று என் கணவர் முன்பு பகிடி பண்ணுவார். அன்று அவரும் சிரிக்கவில்லை.

இங்கே கொலை வழக்கென்றால் நீதிபதிகளோடு ஊர்ச்சனத்தில் தெரிந்தெடுத்த ஆறு பேரும் தோளில் மூவர்ணப் பட்டி போட்டு இருப்பார்கள். எல்லோரும் சேர்ந்து தம்பியைக் குற்றவாளி என்றார்கள். எனக்குத் துணையாக வந்த மலர் அக்காதான் என்னைத் தாங்கி வெளியே கொண்டுவந்தார். பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து ரயிலில் வீட்டு வேலைக்கு வருபவர் அவர்; எந்த வீட்டுக்கு என்று நான் கேட்டதில்லை.

அதன்பின் யாராவது கதவைத் தட்டினால் திறக்கவே பயந்தேன். அப்பீலும் தோற்றால் தம்பி சிறையிலேயே கிழவனாகிவிடுவான். முருகன் படத்துக்கு முன் அழுதேன். ஞாயிறுகளில் எங்கள் சனத்தோடு பெல்லெக்ரினோ மலைக்கு வெறுங்காலோடு ஏறி, குகைக் கோயிலில் இருக்கும் புனிதை ரோசாலியா அம்மாவிடமும் அழுதேன். “தாயே, உண்மை தெரிந்த ஒருவரையாவது கதைக்க வை.” வேறொன்றும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு, குகையில் என் பக்கத்தில் நின்ற மலர் அக்காவுக்கு உடம்பு நடுங்கியது.

“தங்கச்சி, ஒண்டு சொல்லோணும். கத்திப்போடாதை. கோட்டிலை பட்டி போட்டிருந்த ஆறு பேரிலை சிவப்புக் கண்ணாடிக்காரி… அவ என்ர சினியோராவின்ர தங்கச்சி.”

“உங்கட சினியோரா ஆர்?”

“அந்தப் பல்கனிக்காரிதான்.”

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். சாட்சி சொன்னது அக்கா. அது உண்மை என்று தீர்ப்புச் சொன்னது தங்கை.

“ஏனக்கா இவ்வளவு நாளும்…?”

“வேலை போனா இஞ்சை இருக்க விடுற பெர்மெஸோவும் புதுப்பிக்க ஏலாது. என்னை நாட்டுக்கு அனுப்பிப்போடுவாங்கள். பயமடி. ஆனா இந்த அம்மாவுக்கு முன்னாலை இனி நிக்க ஏலாமல் கிடக்கு.”

அடுத்த கிழமை மலர் அக்கா எங்கள் வழக்கைப் பேசிய அப்புக்காத்திடம் வந்து எல்லாவற்றையும் சொன்னார். அப்புக்காத்து அப்பீலில் இரண்டையும் வாதாடினார்: சாட்சியின் தங்கை தீர்ப்புச் சொல்ல இருந்திருக்கக் கூடாது, விளங்காமல் சொன்ன ‘ஸி’யும் ஒருவர் பல்கனியில் நின்று பார்த்ததும் ஒருவனைக் கொலைகாரனாக்கப் போதாது. புதிய ஆறு பேருக்கு முன்னால் அந்தச் சினியோராவை மறுபடி விசாரித்தார்கள். முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள்.

“முதுகைத்தான் பார்த்தேன். இவர்கள் எல்லாரும் எனக்கு ஒரே மாதிரித்தான்” என்றார்.

தீர்ப்புக்காக உள்ளே போனவர்கள் பொழுதுபட்டும் வெளியே வரவில்லை. எனக்கு முருகன் பெயர்கூட நாவில் வரவில்லை. கடைசியில் வந்து வாசித்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கம்பிக் கூட்டுக்குள் நின்ற தம்பி, “அக்கா, என்னவாம்?” என்று கூப்பிட்டான்.

“சாட்சியம் காணாதாம். உன்னை விட்டிட்டாங்களாம்!” மலர் அக்காதான் கத்தினார்.

அவர் பயந்தபடியே அவருடைய வேலை போனது. வாடகை கட்ட வழியில்லாமல் இரண்டு மாதம் எங்களோடு இருந்தார். பிறகு கால்சாப் பகுதியில் ஒரு வீட்டில் வேலை கிடைத்தது, பெர்மெஸோவும் கிடைத்தது. அதையும் அம்மா தந்ததாகவே எண்ணுகிறேன். எனக்கு இன்னும் பயம் உண்டு. ஆனால் விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லப் பழகிவிட்டேன். நடுங்கிக்கொண்டு கேட்டவளுக்கு, இன்னொரு நடுங்கியவளின் வாயால் பதில் வந்தது. பயத்தோடு இருப்பவர்களே, பயத்தோடேயே கேளுங்கள். கேட்பதை விட்டுவிடாதீர்கள்.

விடுதலையான மறுநாள் நன்றி சொல்ல அப்புக்காத்தின் கந்தோருக்குப் போனோம். கோப்பி வேண்டுமா என்று தம்பியிடம் கேட்டார். அவன் ‘நோ’ என்றான்.